வழக்குரைஞர் வாயிலில் தமிழ் மாணவர்

(சட்டம் பயிலும் மாணவர்க்கென ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவுகளை ஒன்றுவிடாமல் நெட்டுருவாக ஒப்பிக்க வல்ல மாணவர் ஒருவர், முதன்முதலாக ஒரு வழக்குரைஞரின் அலுவலகத்துள் நுழைந்து, அங்குக் குவிந்து கிடக்கும் வழக்குக் கட்டுகளுள் எதை முதலில் பிரிப்பது, எதை முதலில் படிப்பது என்று அறியாமல் திகைத்து நிற்பது அத்தொழிலில் உள்ளார் அனைவரும் கண்டதே. அஃது அம்மாணவரின் குற்றமன்று. ஆற்றில் இறங்காதவரை எவரும் நீந்தக் கற்றதில்லை. சட்டம் நூலில் இருக்கின்றது. வழக்கோ மாந்தரிடத்தும் அவர்தம் ஆவணங்களிடத்தும் இருக்கின்றது. அவ்விரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திக் காட்டும் இடம் வழக்குரைஞரின் அலுவலகமே. அவ்வலுவலகத்தின் வாயிலில் தமிழ்வழியிற் பயின்ற மாணவர் எவ்வாறு நிற்க வேண்டும், எதைக் கையிற் கொண்டு நிற்க வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

இப்பயிற்சி மாணவரின் விருப்பத்திற்கு விடப்பட்ட ஒன்றன்று. பார் கவுன்சில் எனப்படும் இந்திய வழக்குரைஞர் கழகம் 2008-ஆம் ஆண்டில் வகுத்த சட்டக்கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பினர் குறைந்தது 12 கிழமைகளும் (வாரங்களும்), ஐந்தாண்டுப் படிப்பினர் குறைந்தது 20 கிழமைகளும் பயிற்சி பெற்றாதல் வேண்டும். எவ்வாண்டிலும் தொடர்ச்சியாக நான்கு கிழமைகளுக்கு மேற்படுதல் ஆகாது. வழக்குரைஞரிடம் பெறலாம், நடுவர்களிடம் (நீதிபதிகளிடம்) பெறலாம், சட்டத்தொழில் நிறுவனத்திலோ, வணிகக் குழுமத்திலோ, உள்ளாட்சி மன்றத்திலோ, தொண்டமைப்பிலோ பெறலாம். ஆயினும் படிப்புக் காலத்துள் ஒருமுறையேனும் கீழ்மன்றங்களிலும் மேன்முறையீட்டு மன்றங்களிலும் வழக்காடும் வழக்குரைஞரிடத்து இருந்திருத்தல் வேண்டும் என்பது அவ்விதியின் கண்டிப்பு.

பட்டம் பெற்ற பின்னர்ப் பயிற்சி பெற்றுக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணக்கூடும். 1961-ஆம் ஆண்டின் வழக்குரைஞர் சட்டம் தொடக்கத்தில் அத்தகைய பயிற்சியைக் கேட்டது. 1973-இல் திருத்தம் வந்து அதனை நீக்கிற்று. 1995-இல் வழக்குரைஞர் கழகம் ஓராண்டுப் பயிற்சியை விதிகளின் வாயிலாக மீண்டும் புகுத்தியது. அவ்வாறு விதிக்கும் உரிமை கழகத்திற்கு இல்லை என்று கூறி 1999-இல் உச்ச வழக்குமன்றம் அதனைச் செல்லாதாக்கியது. எனவே, பட்டம் பெற்ற கையோடு பதிவு செய்து, அனைத்திந்தியத் தகுதித் தேர்வையும் வென்ற ஒருவர், ஒரு வழக்குக் கட்டையும் தொட்டுப் பாராமலேயே கருப்பு மேலாடையை அணிந்துகொள்ள முடியும். அணிந்த பின் என் செய்வார் என்பதே கேள்வி. மாணவப் பருவத்தின் அந்தப் பன்னிரண்டு கிழமைகளை வெறும் சான்றிதழுக்காகக் கழிப்பவர், தமக்கு வாய்த்த ஒரே ஒத்திகையை இழந்தவராவார்.

சரி, அந்த வாயில் எவ்வாறு திறக்கின்றது?

வழக்குரைஞர் தம் தொழிலை விளம்பரம் செய்தல் கூடாது என்பது வழக்குரைஞர் கழகத்தின் விதி. 2008-இல் செய்யப்பட்ட திருத்தம், பெயர், முகவரி, தகுதி போன்ற சில விளக்கங்களை மட்டும் வலைத்தளத்தில் இட இசைவு தந்தது. இவ்விதி நல்ல நோக்கத்தோடு எழுந்ததே. ஆனால் அதனால் விளைந்த ஒன்றை எவரும் எடுத்துப் பேசுவதில்லை. எந்த அலுவலகத்தில் எவ்வகை வழக்கு நடக்கின்றது, எவர் மாணவரை ஏற்பார், எவரிடத்துச் சென்றால் உண்மையாகவே கற்கலாம் என்பதெல்லாம் வாய்ச்செய்தியாகவே உலவுகின்றன. அவ்வாய்ச்செய்தி யார் காதுக்கு எட்டும்? தந்தையோ சிற்றப்பனோ வழக்குரைஞராய் இருப்பவர் காதுக்கு எட்டும். அதே சாதியினர், அதே தெருவினர் காதுக்கு எட்டும். குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் படிக்க வந்த கொத்தனார் மகளுக்கும் உழவர் மகனுக்கும் எட்டாது. வாயிலில் பூட்டு இல்லை. ஆனால் வாயில் எங்கே இருக்கின்றது என்பதே அவர்கட்குத் தெரியாது.

பெருநகரங்களின் பெரிய நிறுவனங்களை எடுத்துக்கொண்டால் இடைவெளி இன்னும் மிகுதி. 1980-களின் இறுதியில் பெங்களூரில் தொடங்கிய தேசியச் சட்டப் பள்ளியைப் பின்பற்றி மாநிலந்தோறும் அத்தகைய பல்கலைக்கழகங்கள் எழுந்தன. திருச்சிராப்பள்ளியிலும் ஒன்று உண்டு. அவற்றுட் புகுவதற்கு 2008 முதல் நடந்துவரும் பொது நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெறுகின்றது. மும்பையிலும் தில்லியிலும் உள்ள பெருநிறுவனங்கள் பயிற்சி மாணவரைத் தேடி முதலிற் செல்வது அப்பல்கலைக்கழகங்களுக்கே. ஆக, பள்ளியிற் கேட்ட ஆங்கிலம் பல்கலைக்கழகத்தைத் தந்தது. பல்கலைக்கழகம் பயிற்சியைத் தந்தது. பயிற்சி வேலையைத் தந்தது. இச்சங்கிலியின் முதற் கண்ணியிலேயே தமிழ்வழி மாணவர் கழற்றி விடப்பட்டார். பிறகு, தகுதியுடையாரையே எடுத்தோம் என்று சொல்லிக்கொள்வது எளிதுதானே!

இந்நிலையில் தமிழ்வழி மாணவர் பெரும்பாலும் என் செய்கின்றார்? தம் தமிழை ஒளிக்கின்றார். பிறரிடமிருந்து ஓர் ஆங்கில மடலைப் படியெடுத்து, பெயரை மட்டும் மாற்றி, ஐம்பது அலுவலகங்களுக்கு அனுப்பிவிட்டு, ஒன்றிலிருந்தும் மறுமொழி வரவில்லையே என்று நெஞ்சுடைந்து போகின்றார். தம்மிடம் இல்லாத ஒன்றைக் காட்ட முயன்று, இருக்கின்ற ஒன்றை மறைத்துவிட்டார் என்பதை அவர் உணர்வதில்லை.

அந்த இருக்கின்ற ஒன்று யாது என்பதை இங்கே விரித்துரைத்தல் வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவு, நாடாளுமன்றம் வேறு வகை செய்யும்வரை உச்ச வழக்குமன்றத்திலும் உயர்வழக்குமன்றங்களிலும் ஆங்கிலமே வழங்கும் என்கிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ஆளுநர் குடியரசுத் தலைவரின் முன்னிசைவு பெற்று, உயர்வழக்குமன்ற நடவடிக்கைகளில் மாநில மொழியைப் பயன்படுத்த ஒப்பளிக்கலாம் என்கிறது. இதனைக் கொண்டு இராசத்தானம் 1950-இலும், உத்தரப் பிரதேசம் 1969-இலும், மத்தியப் பிரதேசம் 1971-இலும், பீகார் 1972-இலும் இந்திக்கு இடம் பெற்றன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006-இல் சென்னை உயர்வழக்குமன்றத்தில் தமிழுக்கு இடம் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. 2012-இல் உச்ச வழக்குமன்ற நடுவர்களின் முழுக்கூட்டம் அதனை ஏற்க மறுத்தது. இந்திக்கு ஒரு நயன்மை, தமிழுக்கு ஒரு நயன்மை. அதைப் பற்றிப் பேச வேறு மேடைகள் உண்டு. மாணவர் இங்கே காணவேண்டியது இதன் மறுபக்கத்தை.

கீழ்மன்றங்களில் தமிழ் வழங்குவதற்கு 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழித் திருத்தச் சட்டம் வழி செய்திருக்கின்றது. சான்றாளர் தமிழில் பேசுகின்றார். காவல் நிலையத்து முதல் தகவல் அறிக்கை தமிழில் இருக்கின்றது. விற்பனை ஆவணம், பாகப் பிரிவினை ஆவணம், இறுதிமுறி (உயில்), பட்டா, சிட்டா, அடங்கல் யாவும் தமிழில் இருக்கின்றன. வழக்கு மேன்முறையீடாக உயர்வழக்குமன்றம் செல்லும்போது இவையனைத்தும் ஆங்கிலமாக வேண்டும். தில்லிக்குப் போனாலோ, ஆங்கிலம் அல்லாத எந்த ஆவணமும் மொழிபெயர்ப்பு இன்றி ஏற்கப்படாது என்பது உச்ச வழக்குமன்ற விதி. இந்த மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு குடும்பத்தின் நிலமே பிறழும். மேன்மன்றம் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரையில், இருமொழியும் செவ்வனே அறிந்தவர் இன்றி அங்கே ஒரு வழக்கும் நகராது.

இதற்கு முன்னோடியும் உண்டு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) மாவட்ட முன்சீப் ஆகுமுன் திருச்சிராப்பள்ளி வழக்குமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர். ஆங்கிலம் அறியாத மக்களும் தீர்ப்புகளை அறிய வேண்டும் என்று, பழைய சதர் மன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் நூலாக வெளியிட்டார். அந்நூலுக்கு அவர் இட்ட பெயரோ ‘சித்தாந்த சங்கிரகம்’! பெயரில் தமிழ் இல்லையாயினும் செயலில் தமிழ் இருந்தது. 2019 முதல் உச்ச வழக்குமன்றமே தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழிலும் வெளியிட்டு வருகின்றது என்பதை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

இனிப் பழைய ஆவணங்களின்பால் வருவோம். திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் ஓர் அயல்நாட்டுக் குழுமம் தொழிற்சாலைக்கு நிலம் வாங்குகின்றது என்று கொள்க. ஒப்பந்தம் நூறு பக்கம், அத்தனையும் ஆங்கிலம், வரைந்தவர்கள் பெருநிறுவனத்தார். ஆனால் அந்நிலத்தை விற்பவருக்கு அது உரியதுதானா என்பதோ, மூன்று தலைமுறைக்கு முன் ஓர் ஊர்க் கணக்கர் எழுதிய தமிழ்ப் பாகப் பிரிவினை ஆவணத்தின் ஒரு வரியில் இருக்கும். அவ்வரியைப் படிக்க வல்லார் அந்த நிறுவனத்தில் எத்தனைப் பேர்?

அவ்வகை ஆவணங்களில் ஆண்டைக் குறிக்க ௵ என்றும், திங்களைக் குறிக்க ௴ என்றும், நாளைக் குறிக்க ௳ என்றும், மேற்படி என்பதற்கு ௸ என்றும் எழுதியிருப்பர். எண்களும் தமிழெண்களாயிருக்கும். ௧ என்பது க போலவும், ௭ என்பது எ போலவும், ௮ என்பது அ போலவும் தோன்றுதலின், அறியாதவர் எண்ணை எழுத்தென மயங்கிப் பிழைபடுவர். ஆண்டு பசலியில் இருக்கும்; பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும்; பசலி 1434 என்பது 2024 சூலை முதல் நாள் தொடங்கி 2025 சூன் இறுதியில் முடிந்தது. நில அளவையோ ஊருக்கு ஊர் வேறு. தஞ்சைப் பக்கத்தில் ஒரு குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. செங்கற்பட்டுப் பக்கத்திலோ ஒரு குழி 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி, அஃதாவது 24 மனை. ஆவணத்தில் ‘நூறு குழி’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது ஏறத்தாழ மூன்றிலொரு ஏக்கரா, ஒன்றேகால் ஏக்கருக்கும் மேற்பட்டதா என்பது அந்நிலம் எந்த வட்டாரத்தது என்பதைப் பொறுத்தது. ஒன்றுக்கு நான்கு மடங்கு வேறுபாடு! இதனைப் பெருநகரப் பல்கலைக்கழகம் எதுவும் கற்பிப்பதில்லை. சிற்றூர் மாணவரோ தம் பாட்டனாரின் வாய்மொழியில் இதனைக் கேட்டே வளர்ந்தவர்.

ஓர் இடைக்குறிப்பு. வக்காலத்து, வாய்தா, சாமீன், பிராது, அமீனா என்று வழக்குமன்றத் தமிழ் முழுதும் பிறமொழிச் சொற்கள் மண்டிக் கிடப்பதைக் கண்டு தூய தமிழ் விழைவோர் உள்ளம் வெதும்புவது இயல்பே. பிணை, ஒத்திவைப்பு, வழக்குரை, எதிருரை என நல்ல தமிழ்ச் சொற்களை மாணவர் எழுத்தில் ஆளட்டும். ஆனால் பழஞ்சொற்களின் பொருளை அறியாதிருத்தல் கூடாது. பழைய ஆவணம் அச்சொற்களிலேயே எழுதப்பட்டிருக்கும். கட்சிக்காரரும் அச்சொற்களிலேயே பேசுவார். களையை அறியாதவர் களை எடுப்பதெப்படி?

இப்போது மடலுக்கு வருவோம். திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து, சட்டக் கல்லூரியில் இரண்டாமாண்டு பயிலும் மாணவி ஒருவர் பயிற்சி வேண்டி எழுதுவதாகக் கொள்க. வழக்கமாக எழுதப்படும் மடல் இவ்வாறிருக்கும்: ‘தங்கள் மிகப் புகழ்வாய்ந்த நிறுவனத்தில் பயிற்சி பெறுதல் என் வாழ்நாட் கனவு. நான் கடுமையாக உழைப்பேன். விரைவில் கற்றுக்கொள்வேன். எனக்கு ஒரு வாய்ப்பு அளித்தருள வேண்டுகிறேன்.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் செய்தியும் ஒன்றும் இல்லை. இதே மடலை எவரும் எவருக்கும் எழுதலாம். பெறுபவர் அதனைப் படித்து முடிக்குமுன்னரே மறந்துவிடுவார். மேலும், ‘அளித்தருள’ என்று கைகட்டி நிற்கும் மொழியில் அச்சந்தான் இருக்கின்றது. பணிவு என்பது வேறு.

அவரே பின்வருமாறு எழுதினால் எப்படி இருக்கும்? ‘மூன்றாண்டுச் சட்டப் படிப்பின் இரண்டாமாண்டில் பயில்கிறேன். சூன் 2 முதல் 27 வரை நான்கு கிழமைகள் தங்கள் அலுவலகத்தில் பயிற்சி பெற விழைகிறேன். தாங்கள் நில உரிமை வழக்குகளை நடத்துவதைச் சென்ற திங்களில் வழக்குமன்றத்தில் அமர்ந்து கேட்டேன். பழைய தமிழ் ஆவணங்களையும் தமிழெண்களையும் பிழையின்றிப் படிப்பேன். சான்றுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பேன். அதற்குச் சான்றாக, ஒரு பக்க அளவிலான மொழிபெயர்ப்பு ஒன்றை இணைத்துள்ளேன். ஆங்கிலத்தில் பேசுவதில் இன்னும் தடை உண்டு, எழுதுவதில் இல்லை.’ இம்மடல் பத்து வரிதான். ஆனால் இதனைப் பெறும் வழக்குரைஞர்க்கு உடனே மேசை மேலுள்ள ஒரு கட்டு நினைவுக்கு வரும். மொழிபெயர்க்க ஆளின்றி மூன்று திங்களாய்க் கிடக்கும் கட்டு அது. இணைக்கும் மொழிபெயர்ப்பு எவருடைய உண்மையான வழக்கிலிருந்தும் எடுத்ததாய் இருத்தல் ஆகாது. தம் வீட்டு ஆவணமோ, அச்சில் வந்த தீர்ப்போ போதும்.

‘வழக்குமன்றத்தில் அமர்ந்து கேட்டேன்’ என்பது வெறும் அழகுக்காக எழுதப்படும் வரியன்று. வழக்குமன்றம் பொதுமக்கட்குத் திறந்த இடம். நாள்தோறும் வழக்குப் பட்டியல் வெளியாகின்றது. எந்த வழக்கு எந்த மன்றத்தில், வழக்குரைஞர் யார் என்பதெல்லாம் அதிற் காணலாம். பத்து நாள் பின்வரிசையில் அமர்ந்து கேட்டவர், எவரிடம் கற்க வேண்டும் என்பதைத் தாமே தேர்ந்துகொள்வார். மேலே சொன்ன வாய்ச்செய்திச் சுவரை உடைக்கும் வழியும் இதுவே.

மடலை எம்மொழியில் எழுதுவது? மாவட்டத் தலைநகரில் வழக்காடும் வழக்குரைஞர்க்கும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிற்கும் தமிழில் எழுதுக. நல்ல தமிழில், ஒற்றுப்பிழை இன்றி எழுதுக. தமிழ்வழி மாணவர் தமிழிலேயே பிழைபட எழுதினால் அவர் எதைத்தான் கற்றார்? சென்னை, மும்பை நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதவேண்டியே இருக்கும். அதில் இழிவொன்றுமில்லை. கொல்லன் பிறநாட்டுச் சுத்தியலைக் கையாண்டால் அவன் வடித்த அரிவாள் அயலதாகிவிடுமா? ஆனால் அவ்வாங்கில மடலில் தமிழ்வழியிற் பயின்றதை ஒளிக்காமல், தகுதிகளுள் ஒன்றாக எழுதுக. ஆங்கிலத்தைக் கருவியாகக் கற்பது கடமை. நாள்தோறும் ஒரு தீர்ப்பைப் படித்து, அதன் சாரத்தை அரைப் பக்கம் ஆங்கிலத்திலும் அரைப் பக்கம் தமிழிலும் எழுதிவருவோர் ஓராண்டில் எந்த நிறுவனத்தார் முன்னும் தலைநிமிர்ந்து பேசுவர்.

காலத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். கல்லூரி விடுமுறை என்பதால் மே திங்களில் பயிற்சி கேட்போரே மிகுதி. ஆனால் அத்திங்களில் உயர்வழக்குமன்றமும் உரிமையியல் மன்றங்களும் கோடை விடுமுறையில் இருக்கும்; விடுமுறைக்கால அமர்வுகளே நடக்கும். ஆவணம் படிக்கவும் வரைவு எழுதவும் கற்க விழைவோர்க்கு மே நல்ல திங்களே. வழக்காடலைக் காண விழைவோர்க்கு அது வெற்றுத் திங்கள். மடலைக் குறைந்தது மூன்று திங்கள் முன்னரே அனுப்புக. பெருநிறுவனங்களுக்கு அதனினும் முந்தி. பத்து நாள் கடந்தும் மறுமொழி இல்லையேல் ஒருமுறை நினைவூட்டுக. மீண்டும் மீண்டும் நச்சரித்தல் வேண்டா.

இன்னொரு வாய்ப்பு அண்மையில் வந்து வாய்த்திருக்கின்றது. 2024 சூலை முதல் நாள் தொட்டு, 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 1872-ஆம் ஆண்டின் சான்றுச் சட்டமும் போய், புதிய மூன்று சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. பாரதிய நியாய சங்கிதை, பாரதிய நாகரிக் சுரட்சா சங்கிதை, பாரதிய சாட்சிய அதிநியம் என்பன அவற்றின் பெயர்கள். ஆங்கிலத்தை அகற்றுகிறோம் என்று சொல்லி வடமொழியை ஏற்றி வைத்த வஞ்சத்தைத் தமிழுலகம் நன்கறியும். ஆயினும் மாணவர் கவனிக்க வேண்டியது எண்களை. கொலைக்குரிய 302 இன்று 103. ஏமாற்றுக்குரிய 420 இன்று 318. முப்பதாண்டு பழகிய வழக்குரைஞரின் நாவில் இன்றும் பழைய எண்ணே வரும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் நிரல்பட எழுதிய ஓர் ஒப்பீட்டேட்டைத் தம் கைப்பட ஆக்கிக்கொண்டு செல்லும் மாணவர், முதல் நாளிலேயே அவ்வலுவலகத்திற்குப் பயன்படுவார். மூத்தாரும் இளையாரும் ஒரே நாளில் கற்கத் தொடங்கிய சட்டங்கள் இவை. இத்தகைய சமநிலை எப்போதோ ஒருமுறைதான் கிட்டும்.

நேர்காணலைப் பற்றி நீட்டிப் பேச வேண்டுவதில்லை. ‘இந்த அலுவலகத்தை ஏன் தேர்ந்தீர்?’ என்ற கேள்விக்கு விடை முன்பே மடலில் இருக்கின்றது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுக. எங்கே தேடுவேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுக. சட்டத்தொழிலில் எல்லாம் தெரிந்தவர் எவரும் இலர். தேடத் தெரிந்தவரே வழக்குரைஞர். உடை பற்றியும் வழக்குரைஞர் கழக விதி உண்டு; வெள்ளைச் சட்டையும் கருப்பு மேலாடையும் வேண்டும். அதற்கும் பணமில்லாத மாணவர் உண்டென்பதைச் சீருடை விதித்தவர்கள் எண்ணிப் பார்த்தனரா என்பது ஐயமே. மூத்த மாணவர்கள் தம் பழைய மேலாடையை இளையோர்க்குக் கொடுத்துச் செல்லும் பழக்கம் கல்லூரிதோறும் பரவ வேண்டும்.

பணத்தைப் பற்றியும் நேராகப் பேசுதல் நல்லது. மாணவப் பயிற்சிக்குப் பெரும்பாலான அலுவலகங்கள் ஒன்றும் தருவதில்லை. நான்கு கிழமைகள் சென்னையில் தங்கி உண்ண வழியற்றவர் தம் மாவட்டத்திலேயே பயிற்சி பெறுவதில் தாழ்வு ஏதும் இல்லை. கீழ்மன்றத்துக் குறுக்குக் கேள்வியை அங்கேதான் கற்க முடியும். பட்டம் பெற்றுப் பதிவு செய்த இளம் வழக்குரைஞர்க்கு, சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் திங்களுக்கு 20,000 உருபாவும், பிற இடங்களில் 15,000 உருபாவும் குறைந்த அளவாகத் தரப்பட வேண்டும் என்று 2024 சூனில் சென்னை உயர்வழக்குமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்தோபரில் இந்திய வழக்குரைஞர் கழகமும் நகர்க்கு 20,000, ஊரகத்திற்கு 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரை கைக்கு வந்து சேர்வது மூத்த வழக்குரைஞர்களின் மனத்தைப் பொறுத்தது. 2025 மே திங்களில் உச்ச வழக்குமன்றம், கீழ்மன்ற நடுவர் பணிக்கு மூன்றாண்டு வழக்காடிய பட்டறிவு வேண்டும் என்று மீண்டும் வகுத்துவிட்டது. இனி நடுவராக விழையும் ஏழை மாணவரும் மூன்றாண்டு யாரேனும் ஒருவரின் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். ஊதியமற்ற மூன்றாண்டை யாரால் தாங்க முடியும்? வசதியுடையவரால் மட்டுமே. மாணவப் பருவத்திலேயே நல்லதோர் அலுவலகத்தில் வேரூன்றுவது இன்று முன்னினும் பன்மடங்கு இன்றியமையாததாகிவிட்டது.

பெண் மாணவர்க்கு ஒரு சொல். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுவோரையும் காக்கின்றது. பத்துப்பேர் பணியாற்றும் அலுவலகத்தில் உள்ளகக் குழு இருத்தல் வேண்டும். அதனிற் சிறிய அலுவலகமாயின் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம். சான்றிதழுக்காக எதனையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

அலுவலகத்துள் இடம் கிடைத்த பின், அங்குக் கண்ட கட்சிக்காரர் செய்தி எதனையும் வெளியிற் பேசாதிருத்தலே முதற் கடமை. வழக்குரைஞரைக் கட்டும் அம்மறைபொருட் கடமை அவர்தம் எழுத்தரையும் பணியாளரையும் சட்டத்தாற் கட்டுகின்றது. நாள்தோறும் செய்த பணியை இரண்டு வரியிற் குறித்து வருக. ‘பயிற்சி பெற்றார்’ என்ற வெற்றுச் சான்றிதழைவிட, ‘பதினெட்டு ஆவணங்களை மொழிபெயர்த்தார்’ என்று எழுதிய சான்றிதழ் அடுத்த வாயிலைத் திறக்கும். அவ்வாறு எழுதித் தருமாறு கேட்பது மாணவரின் உரிமை.

இறுதியாக, இவ்வவையிலும் இவ்வெழுத்தைப் படிப்போரிடையிலும் உள்ள வழக்குரைஞர்களுக்கு ஒன்று. 2008-ஆம் ஆண்டின் அதே விதிகள், பத்தாண்டுப் பட்டறிவுடைய வழக்குரைஞருள் விடுமுறையில் மாணவரை ஏற்க இசைவோரின் பட்டியலை, மாவட்டவாரியாக ஆக்கும் பொறுப்பை மாநில வழக்குரைஞர் கழகத்திற்குத் தந்துள்ளன. அப்பட்டியல் கல்லூரிகளில் கிடைக்குமாறு செய்யவேண்டும் என்றும் அவை கூறுகின்றன. தமிழுணர்வுடைய வழக்குரைஞர் ஒவ்வொருவரும் தம் பெயரை அப்பட்டியலுக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஓர் இடத்தையேனும் தமிழ்வழியிற் பயின்ற, குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டம் படிக்க வந்த ஒரு மாணவர்க்கென ஒதுக்கலாம். கல்லூரி மாணவர் மன்றங்கள் தத்தம் மாவட்டத்துப் பட்டியலைக் கேட்டுப் பெற்று, அறிவிப்புப் பலகையில் ஒட்டி, எவர் எவரை ஏற்றார் என்பதை ஆண்டுதோறும் அதன் கீழேயே எழுதி வரலாம். அதற்கு ஒரு தாளும் ஓர் எழுதுகோலும் போதும்.